பொம்மைக்குக் கண்ணாடி அலமாரி, அட்டைக்குக் குப்பைத்தொட்டியா?

"பொம்மை சேக்குறான், சரி. ஆனா அந்தப் பொம்மைய வித்த கடையில தொங்கின அட்டையப் போயி எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

மெஸ்ஸில் ஒரு நண்பன் கேட்டது இது. கேட்டதோடு நிற்காமல் "இவனுங்கள்லாம் லூசு" என்று தீர்ப்பும் எழுதிவிட்டு ரசத்துக்குப் போய்விட்டான். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம்தான். பதில் கொஞ்சம் நீளம், ரசம் ஆறிவிடும். அதனால் இங்கே. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் பாதி அவனைத் திட்டுவதற்கு. மீதிப் பாதி, அந்த அட்டைகளை வாங்கி வைத்திருக்கும் சேகரிப்பாளர்களைத் திட்டுவதற்கு. ('கலெக்டர்கள்' என்று எழுதினால் மாவட்ட ஆட்சியரைத் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எதற்கு வம்பு.)

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. விண்வெளிப் பொம்மை வியாபாரம் ஸ்டார் வார்ஸில் ஆரம்பித்தது இல்லை. 1934-லேயே டெய்ஸி என்ற அமெரிக்க நிறுவனம் பக் ராஜர்ஸ் பெயரில் எக்ஸ்இசட்-31 என்று ஒரு ராக்கெட் பிஸ்டலை 50 சென்டுக்கு விற்றது. 1966-ல் மேட்டல் நிறுவனம் மேஜர் மேட் மேசன் என்ற விண்வெளி வீரரைக் கொண்டுவந்தது. உள்ளே கம்பி, மேலே ரப்பர். நாலு தடவை கையை மடக்கினால் கம்பி உடைந்துவிடும். ஆனால் இன்றைக்குக் கடை அட்டை என்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வதில் பெரும்பகுதி 1977-லிருந்து 1985 வரை கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளுக்காக அச்சடித்தது. அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கென்னர் அமெரிக்காவின் சின்சினாட்டி ஊர்க் கம்பெனி. மூணே முக்கால் அங்குல உயரத்தில் குட்டிக் குட்டி உருவங்கள் செய்து, ஒவ்வொன்றையும் அட்டையில் பிளாஸ்டிக் குமிழி ஒட்டி விற்றார்கள். 1978-ல் மட்டும் 4 கோடிக்கு மேல் ஸ்டார் வார்ஸ் சாமான்கள் விற்றன. இவ்வளவு சரக்கையும் விற்க வேண்டுமென்றால் கடைக்காரனுக்கு அலங்காரம் வேண்டுமே? ஷெல்ஃப் விளிம்பில் ஒட்டும் நீளப் பட்டை, கொக்கி ரேக்கின் தலையில் செருகும் தலைப்பு அட்டை, கூரையிலிருந்து நூலில் தொங்கிக்கொண்டு மின்விசிறிக் காற்றில் சுற்றுவது, தரையில் ஆளுயரத்துக்கு நிற்கும் கட்-அவுட் என்று எல்லாம் அச்சாகிக் கடைகளுக்குப் போனது. மடித்துத் தட்டையாகப் போகும். கடைப்பையன் பிரித்து, நாக்கைத் துளையில் செருகி நிறுத்துவான். சீசன் முடிந்ததும் அதே பையன் கிழித்துக் குப்பையில் போடுவான். அதுதான் அதன் வேலை, அதோடு ஆயுள் முடிந்தது.

பொம்மை கோடிக்கணக்கில் வீடுகளுக்குப் போனது. அட்டை கடைக்கு ஒன்று, மிஞ்சினால் சில. வீட்டுக்குப் போன பொம்மையை அம்மா பரணில் போட்டு வைத்திருப்பார். கடைக்குப் போன அட்டையைக் காப்பாற்ற யாருக்கும் காரணம் இல்லை. தம்பிக்கு என்று ஊழியர் ஒருவர் கேட்டு எடுத்துப் போனது, கிடங்கில் பிரிக்காமலே கிடந்தது, விற்பனைப் பிரதிநிதியின் கார் ஷெட்டில் தூங்கியது, இப்படித்தான் சில தப்பின. ஆகவே அரிது. ஆனால் அரிது என்பதற்காக மட்டும் ஒன்றை மதிக்கச் சொன்னால் நான் முட்டாள். என் மூன்றாம் செமஸ்டர் மார்க் ஷீட்டும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, யாரும் கேட்டு வரவில்லை.

மதிக்க வேண்டிய காரணம் வேறு. அதற்கு 1977 கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டும்.

படம் மே 25-ல் வெளியாகி அமெரிக்காவே பைத்தியம் பிடித்துத் திரிகிறது. கென்னரிடம் உரிமம் இருக்கிறது, பொம்மை இல்லை. அச்சு வார்த்து உற்பத்தி செய்து கிறிஸ்துமஸுக்குக் கடைக்குக் கொண்டுவர நேரம் போதாது. அப்போது கென்னரின் தலைவராக இருந்தவர் பெர்னார்ட் லூமிஸ். நம்ம ஊர் சினிமாக்காரர்கள் படப்பெட்டி வராமலே டிக்கெட் கிழிப்பது போல, பொம்மையே இல்லாமல் பொம்மை விற்றார்கள். ஓர் அட்டை உறை. அதற்குள் ஒரு சான்றிதழ், சில ஸ்டிக்கர்கள், ஒரு சங்க உறுப்பினர் அட்டை, அப்புறம் பொம்மைகளை நிறுத்தி வைக்க ஓர் அட்டை மேடை. சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் 1978 பிப்ரவரி 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில் நான்கு உருவங்கள் வீடு தேடி வரும்: லூக், லேயா, செவ்பாக்கா, ஆர்2-டி2. 'ஏர்லி பேர்ட்' என்று அதற்குப் பெயர்.

அந்த மேடையில் எத்தனை பாத்திரங்களின் படம் இருந்தது தெரியுமா? பன்னிரண்டு. வரப்போவது நான்கு.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் காலையில் ஒரு பிள்ளை பரிசைப் பிரிக்கிறது. உள்ளே இருப்பது காலியான ஒரு மேடை. ஐந்து மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருந்து நான்கு பேர் வந்து நின்ற பிறகும் எட்டு இடம் காலி. அந்த எட்டு வெற்றிடம்தான் வியாபாரம்! 'எல்லாத்தையும் சேர்க்கணும்' என்கிற அரிப்பு பொம்மையிலிருந்து வரவில்லை, அட்டையிலிருந்து வந்தது. பொம்மைக்கு முன்னாடி அட்டை வந்து, அட்டை காட்டிய காலி இடத்தில் பொம்மை போய் நின்றது. இப்போது சொல்லுங்கள், எது சரக்கு, எது அலங்காரம்?

"அது டிஸ்ப்ளே இல்ல, அது வீட்டுக்கு வித்தது" என்று ஒருவர் கிளம்புவார். சரி. அப்படியென்றால் 1978-ல் சியர்ஸ் கடைகள் விற்ற கன்டீனா செட்டைப் பாருங்கள். மதுக்கூடக் காட்சி முழுக்க அட்டை. அதோடு நான்கு உருவங்கள். அவற்றில் ஒன்று நீலச் சட்டை போட்ட ஸ்னாகிள்டூத். கென்னர் ஆட்களுக்குக் கிடைத்த புகைப்படத்தில் பாதி உடம்புதான் தெரிந்ததாம். குள்ளமான பாத்திரத்தை உயரமாகச் செய்து, பூட்ஸும் மாட்டிவிட்டார்கள். அப்புறம் திருத்திச் சிவப்புச் சட்டையில் குள்ளமாக விட்டார்கள். இங்கிலாந்தில் பாலிடாய் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், டெத் ஸ்டாரையே அட்டையில் செய்து விற்றது. கென்னரின் பிளாஸ்டிக் டெத் ஸ்டார் அமெரிக்காவில், அட்டை டெத் ஸ்டார் இங்கிலாந்தில். அந்தப் பிள்ளைகளுக்கு அட்டைதான் கிரகம், அட்டைதான் கப்பல். கடையில் பார்த்த அட்டைக்கும் வீட்டில் விளையாடிய அட்டைக்கும் நடுவே இன்று நாம் போடும் கோடு அன்றைக்கு இல்லவே இல்லை.

நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரில் 'தி ஸ்ட்ராங்' என்று ஓர் விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. தேசியப் பொம்மைப் புகழ்க்கூடம் அங்கேதான். ஸ்டார் வார்ஸ் உருவங்களை அதில் சேர்த்தது 2012-ல். அட்டைப்பெட்டியை, ஆமாம், வெறும் அட்டைப்பெட்டியை, அதற்கு ஏழு வருடம் முன்னாடி 2005-லேயே சேர்த்துவிட்டார்கள். நண்பா, ரசத்தைக் கீழே வைத்துவிட்டு இதை இரண்டு தடவை படி.

சரி, முதல் பாதி முடிந்தது. இனிமேல்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம்.

சேகரிப்பாளர்களிடம் கேட்டால் "இது என் குழந்தைப் பருவம், அந்த அப்பாவித்தனம்" என்று கண் கலங்குவார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. கடையில் தொங்கிய அட்டையைப் போல அப்பாவித்தனம் இல்லாத பொருள் உலகத்தில் குறைவு. எட்டு வயதுப் பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கும், எந்த நிறத்துக்குத் திரும்பும், எந்தச் சொல்லைப் பார்த்தால் அம்மாவின் புடவையை (சரி, கவுனை) இழுக்கும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு பெரியவர்கள் யோசித்துச் செய்த பொருள் அது. அதனால்தான் அது முக்கியம் என்கிறேன். ஒரு கம்பெனி குழந்தைகளோடு எப்படிப் பேசியது என்பதற்கு அது சாட்சி. பொம்மை இந்தச் சாட்சியைச் சொல்லாது. பொம்மை வெறும் பிளாஸ்டிக். அதை வாங்க வைத்த குரல் அட்டையில் இருக்கிறது.

சாட்சி என்றால் எப்படிப்பட்ட சாட்சி? 1979-ல் கென்னர் ஒரு விளம்பரம் செய்தது. உருவ அட்டைகளிலிருந்து நான்கு ஆதாரச் சீட்டுகளை வெட்டி அனுப்பினால் போபா ஃபெட் இலவசம், முதுகிலிருந்து ராக்கெட் பாயும். அதே சமயத்தில் மேட்டலின் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா விண்கலத்திலிருந்து பாய்ந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் பயந்து ராக்கெட்டைக் கைவிட்டது. பாயாத ராக்கெட்டை முதுகோடு ஒட்டி அனுப்பினார்கள். ஏற்கெனவே அச்சான அட்டைகளை என்ன செய்வது? 'ராக்கெட் பாயும்' என்ற இடத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்! ஒரு வாக்குறுதி, ஒரு மரணம், ஒரு பின்வாங்கல், மூன்றும் ஒரு சதுர அங்குல ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது. இன்றைக்கு அந்த ராக்கெட் பாயும் மாதிரி பொம்மைதான் தலைப்புச் செய்தி. 2024-ல் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தில் ஒன்று 5,25,000 டாலருக்குப் போனது. பொம்மை விலையைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஸ்டிக்கரைப் பற்றிப் பேச எத்தனை பேர்?

இந்தச் சாட்சிகளை நம்மாட்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் அக்ரிலிக் பெட்டிக்குள் போட்டு, சீல் வைத்து, மேலே ஒரு நம்பர் ஒட்டித் தருகிறார்கள். 75, 80, 85. நான் அட்டைக்குத்தான் மதிப்பெண் கேட்டேனா? அந்த அட்டையின் பின்பக்கத்தில் அச்சகக் குறியீடு இருக்கும், கடைக்காரனுக்கு 'இப்படி மடி, இங்கே செருகு' என்று குறிப்பு இருக்கும், கிடங்குக்காரன் பென்சிலில் எழுதிய தேதி இருக்கும், எந்த ஊர்க் கடை என்று முத்திரை இருக்கும். பெட்டிக்குள் போனதும் பின்பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது. சிலர் இன்னும் மோசம். பென்சில் எழுத்தை அழித்து, கிழிசலுக்கு வண்ணம் பூசி, 'புத்தம் புதுசு' ஆக்கிவிடுகிறார்கள். அந்தப் பென்சில் எழுத்துதான் ஐயா சரித்திரம்! அதை அழித்துவிட்டு நீங்கள் வைத்திருப்பது ஒரு போஸ்டர்.

"பாதுகாப்புக்குத்தான் பெட்டி" என்பார்கள். பாதி நியாயம். அட்டையின் பெரிய எதிரி வெளிச்சம். மலிவான மரக்கூழ் அட்டையில் லிக்னின் இருக்கும், வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். மை வெளுத்தால் திரும்ப வராது, ஒவ்வொரு நாள் சேதமும் முந்தைய நாள் சேதத்தோடு கூடிக்கொண்டே போகும். அருங்காட்சியகங்கள் காகிதப் பொருளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்று கணக்கு வைத்திருப்பது இதற்காக. சரி, இவ்வளவு அக்கறை உள்ளவர் அந்த அக்ரிலிக் பெட்டியை எங்கே வைக்கிறார்? வரவேற்பறையில், மேலே இரண்டு ஸ்பாட் லைட் போட்டு! பெட்டி விரல் ரேகையைத் தடுக்கும். ஸ்பாட் லைட்டை யார் தடுப்பது?

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது, பதுக்கல். பொருளைப் பதுக்குவதைச் சொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கினார்கள், அவர்கள் சொத்து. தகவலைப் பதுக்குகிறார்கள். நான் இந்தியாவில் ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு படிப்பவன். இந்த அட்டைகளில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ புண்ணியவான் ஸ்கேன் செய்து போட்டதிலிருந்து தெரிந்தது. ஸ்டார் வார்ஸ் கலெக்டர்ஸ் ஆர்க்கைவ் என்ற தளம் 1994-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அதுபோல ஒருவர் செய்ததற்கு நூறு பேர் செய்யவில்லை. ஒருமுறை ஒரு தலைப்பு அட்டையின் நீள அகலமும் பின்பக்கப் படமும் கேட்டு ஒரு சேகரிப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் ஒரே வரி: கொடுத்தால் போலி அடிப்பவனுக்கு வசதி.

இந்த வாதம் அடிக்கடி வருவதால் கொஞ்சம் நின்று அடிக்கலாம்.

போலி உண்மைதான். பொம்மையைப் போலி செய்ய அச்சு வேண்டும்; அட்டையைப் போலி செய்ய நல்ல ஸ்கேனும் நல்ல பிரின்டரும் போதும். விலை ஏற ஏறப் போலியும் ஏறும். ஆனால் போலி செய்பவனுக்கு என்ன வேண்டும்? முன்பக்கத்தின் பெரிய அளவு, துல்லியமான படம். வாங்குபவனுக்கு என்ன வேண்டும்? அளவு, தடிமன், மடிப்புக் கோடு எங்கே, பின்பக்கம் என்ன நிறம், வெட்டு ஓரம் எப்படி, பூதக்கண்ணாடியில் புள்ளி எப்படித் தெரிகிறது. அந்தக் காலத்து ஆஃப்செட் அச்சில் நாலு நிறப் புள்ளிகளும் சேர்ந்து குட்டிக் குட்டிப் பூ மாதிரி வரிசையாக நிற்கும். இங்க்ஜெட் அச்சில் மை சிதறிய மாதிரித் தூவலாக இருக்கும். கறுப்பு எழுத்து ஒரே மையில் கூர்மையாக இருக்கிறதா, இல்லை எழுத்தின் ஓரத்திலும் வண்ணப் புள்ளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி போலி மாட்டிக்கொள்ளும். பழைய அட்டையை ஸ்கேன் செய்து அச்சடித்தால் எழுத்தும் படமாகிவிடும் இல்லையா, அதனால். இதையெல்லாம் முன்பக்கத்தைச் சின்னப் படமாகவும், பின்பக்கத்தையும் ஓரத்தையும் புள்ளியையும் நெருக்கமாகவும் போட்டாலே சொல்லிவிடலாம். அதை வைத்து ஒரு பயலும் போஸ்டர் அடிக்க முடியாது.

காசு உள்ள போலிக்காரன் அசல் ஒன்றையே வாங்கி ஸ்கேன் செய்துகொள்வான், அவனுக்கு உங்கள் தயவு வேண்டாம். தகவல் இல்லாமல் இருட்டில் நிற்பவன் வாங்குபவன் ஒருவன்தான். அவன் என்ன செய்கிறான்? ஊதா விளக்கு அடித்துப் பார்க்கிறான். 'பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் புதுக் காகிதம், போலி' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1940-களுக்கு முந்தைய காகிதம் என்றால் அந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனம் 1950-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1977 அட்டை ஒளிரவும் செய்யலாம், ஒளிராமலும் இருக்கலாம். அந்த விளக்கை நம்பி அசலைத் தள்ளியவனும் போலியைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் இருப்பார்கள். அசல் வைத்திருப்பவர்கள் வாய் திறந்தால் இந்த விளக்கு ஜோசியம் ஒரு மாதத்தில் ஒழிந்துவிடும். திறக்க மாட்டார்கள். என் சந்தேகம், மர்மம் இருக்கும் வரை விலை இருக்கும் என்ற கணக்கு.

கென்னரிடமே ஆவணம் இருக்குமே, அங்கே கேட்டுக்கொள்ளலாமே என்றால், கென்னர் எங்கே இருக்கிறது? டோன்கா கைக்குப் போய், 1991-ல் ஹாஸ்ப்ரோ கைக்குப் போய், 2000-ல் சின்சினாட்டி அலுவலகத்தையே மூடியாயிற்று. இந்த அட்டைகள் தொங்கிய கடைகளும் போய்விட்டன. டாய்ஸ் ஆர் அஸ் 2018-ல் தன் அமெரிக்கக் கடைகளை எல்லாம் இழுத்து மூடியது (பெயரை வாங்கியவர்கள் பிறகு சில கடை திறந்தது வேறு கதை). எந்த அட்டை எந்த வருடம் எந்தப் பொம்மையோடு போனது என்று சொல்லக்கூடிய கடை ஊழியர்களுக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. அவர்களிடம் இப்போது கேட்டு எழுதாவிட்டால் எப்போது? ஆனால் அவர்களைத் தேடிப் போகும் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் கேட்பது "வீட்டில் இன்னும் ஏதாவது இருக்கா?" என்பதுதான். "அன்னைக்குக் கடையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பதிவு செய்பவர் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு.

நல்லவர்களே இல்லையா என்றால் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பெட்டலூமா பக்கம் ஸ்டீவ் சான்ஸ்வீட் தன் சேகரிப்பை ராஞ்சோ ஓபி-வான் என்று லாப நோக்கமில்லாத அருங்காட்சியகமாக்கி, ஆட்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார். மைக்கேல் ஓ'ஹாரோவின் விண்வெளிப் பொம்மைத் தொகுப்பு ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பொருளைக் கொடு என்று நான் எல்லோரையும் கேட்கவில்லை. கொடுக்க மனசு வராது, புரிகிறது. பெட்டிக்குள் போடுவதற்கு முன்னாடி பின்பக்கத்தை ஒரு படம் எடு, டேப் வைத்து அள, எங்கே யாரிடம் வாங்கினாய் என்று இரண்டு வரி எழுது, தளத்தில் போடு. மொத்தம் பத்து நிமிஷம். உன் விலை ஒரு டாலர்கூடக் குறையாது. ஏறவும் கூடும், ஏனென்றால் மூலம் தெரிந்த பொருளுக்குத்தான் ஏலத்தில் மரியாதை.

அமெரிக்காவில் மாமா, சித்தப்பா உள்ள வகுப்புத் தோழர்கள் இதைப் படித்தால் ஒரு வேலை செய்யுங்கள். அவர்கள் பக்கத்து வீட்டு கராஜ் சேலில் பழைய பொம்மைக் கடை அட்டை ஏதாவது கிடந்தால், வாங்கச் சொல்லவில்லை, போனில் இரண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. 'கராஜ் சேலில் போய் ஸ்கேலோடு நிற்க வெட்கமாக இருக்காதா' என்று கேட்கும் மாமாவாக இருந்தால் ஒரு டாலர் நோட்டை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அதன் நீளம் 6.14 அங்குலம், கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

திட்ட நினைப்பவர்கள் கீழே திட்டலாம். பதில் இன்டர்னல் முடிந்த பிறகு.